தகர ரின்னுக்குள் கிடக்கும் வெளிநாட்டுக் காசு

வன்னி வீடுகளில் தேங்கிப்போன பழைய பவுண், பிராங், இந்தியத் தாள்கள்: எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது?

கிளிநொச்சி, உருத்திரபுரம். பின்னேரம் நாலு மணி இருக்கும். அலுமாரியின் மேல்தட்டில் இருந்து அந்த அம்மா ஒரு பழைய நெஸ்டமோல்ட் ரின்னை இறக்கிக்கொண்டு விறாந்தைக்கு வருகிறார். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறக்க முடிந்தது. உள்ளே ஒரு பொலித்தீன் பை, அதற்குள் பழைய சீலைத் துண்டு ஒன்று. அதைப் பிரித்தபோது கற்பூர வாசமும் ஈர வாசமும் கலந்து வந்தன.

பாயில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நீல நிறத்தில் நூறு சுவிஸ் பிராங் தாள் ஒன்று. ஊதா நிறத்தில் இருபது பவுண் தாள் இரண்டு. காந்தி படம் போட்ட இந்திய ஆயிரம் ரூபாத் தாள் மூன்று. கடைசியாக, ஒன்றுக்குப் பின்னால் ஆறு பூச்சியம் போட்ட துருக்கித் தாள் ஒன்று.

"இதுகள் ஓடுமோ தம்பி? மூத்தவன் சமாதான காலத்தில வந்து தந்திட்டுப் போனது. மாத்துவம் மாத்துவம் எண்டு வைச்சிருந்தன். பிறகு எங்க மாத்துறது? ஒவ்வொரு இடமா இடம்பெயரேக்க நெஞ்சோட கட்டிக்கொண்டு திரிஞ்சன்."

ரவுனில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்: செல்லாது. அதன்பின் ரின் திரும்பவும் அலுமாரிக்குப் போய்விட்டது.

அந்தப் பாயில் கிடந்த ஏழு தாள்களில் மூன்றுக்கு இன்றும் முழுப் பெறுமதி இருக்கிறது. நூறு பிராங் ஒன்றே இலங்கைக் காசில் முப்பதாயிரம் ரூபாவைத் தாண்டும். கூலி வேலைக்குப் போகிற ஒரு குடும்பத்துக்கு அது பத்து நாள் உழைப்பு.

ஏன் இவ்வளவு காசு இங்கே தேங்கியது?

சமாதான காலம் வந்து, 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. இருபது வருடம் ஊரைக் காணாதவர்கள் சூரிச்சில் இருந்தும் லண்டனில் இருந்தும் ஒஸ்லோவில் இருந்தும் வந்தார்கள். போகும்போது பொக்கற்றில் மிஞ்சியதை அம்மாவின் கைக்குள்ளும் மாமியின் கைக்குள்ளும் வைத்துப் போனார்கள். "அவசரத்துக்கு வைச்சிருங்கோ" என்று தந்த காசு அது. அவசரத்துக்கென்று தந்ததால்தான் யாரும் அதை உடனே மாற்றவில்லை.

2006 ஓகஸ்டில் பாதை மூடியது. அதன்பின் நடந்தது வன்னி மக்களுக்குத் தெரியும். காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் போன பைக்குள்ளேயே இந்தத் தாள்களும் போயின. சில மண்ணுக்குள் புதைக்கப்பட்டன, சில மெனிக்பாம் முகாமின் கூடாரம் வரை வந்தன. 2012 செப்டெம்பரில் மெனிக்பாம் மூடப்பட்டபோது, காணிக்குத் திரும்பியவர்களுக்குக் கூரை போடுவதும் கிணறு இறைப்பதும்தான் தலைக்குமேல் நின்ற வேலை. பழைய பிராங்கைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம் இருந்தது?

அந்த இடைவெளிக்குள் உலகம் தன் தாள்களை மாற்றிவிட்டது. சமாதான காலத்தில் வந்தவர்கள் கொண்டுவந்த தாள்கள்தான் பெரும்பாலும் இன்று மீளப் பெறப்பட்ட தாள்களாக இருக்கின்றன. எல்கார் என்ற இசையமைப்பாளரின் படம் போட்ட இருபது பவுண் 2010 இல் நின்றது. இங்கிலாந்தின் கடைசிக் கடதாசித் தாள்களான இருபதும் ஐம்பதும் 2022 செப்டெம்பர் 30 ஓடு புழக்கத்தில் இருந்து போயின. சுவிசின் எட்டாவது வரிசைத் தாள்கள் முழுவதையும் சுவிஸ் தேசிய வங்கி 2021 ஏப்ரல் 30 அன்று மீளப் பெற்றது.

பிறகு 2022 வந்தது. இருநூறு ரூபாவுக்கு நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவர்கள் வீட்டுக்குப் போய் அலுமாரியைக் கிளறினார்கள். எங்கேயோ ஒரு பிராங் தாள் கிடந்ததே, ஒரு பவுண் கிடந்ததே என்று தேடிக் கண்டெடுத்து ரவுனுக்குக் கொண்டுபோனார்கள். காசு மிக அதிகம் தேவைப்பட்ட அந்த வருடத்தில்தான் பலர் முதன்முதலாக "செல்லாது" என்ற சொல்லைக் கேட்டார்கள்.

செல்லாது என்றால் என்ன?

இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு விசயங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் இந்தக் காசு வீணாகிறது.

ஒரு நாடு ஒரு தாளை மீளப் பெறும்போது, கடைக்காரர் அதை வாங்க வேண்டியதில்லை. வேறு நாட்டு வங்கியும் நகைக்கடையும் தொடாது. கிளிநொச்சியில் இருக்கும் வங்கிக் கிளை புழக்கத்தில் உள்ள தாளை மட்டுமே வாங்கும். ஆக "செல்லாது" என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. அவருடைய மேசையில் அது செல்லாது. ஆனால் அந்தத் தாளை அச்சிட்ட மத்திய வங்கிக்கு அது இன்னும் கடன்பத்திரம் மாதிரி. பல நாடுகளில் அந்தக் கடனுக்குக் காலாவதியே கிடையாது.

இங்கிலாந்து வங்கி தான் வெளியிட்ட எந்தத் தாளையும் எந்தக் காலத்திலும் முகப்பெறுமதிக்கு மாற்றித்தரும். லண்டன் திரெட்நீடில் வீதியில் உள்ள அதன் கருமபீடத்தில் நேரில் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். ஜேர்மன் மார்க் புழக்கத்தில் இருந்து போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் ஜேர்மன் மத்திய வங்கி ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்ற அதே விகிதத்தில், கட்டணம் எடுக்காமல் இன்றும் மாற்றிக்கொடுக்கிறது.

சுவிசின் கதை நம்மவர்களுக்கு இன்னும் முக்கியம். முன்பு அங்கே மீளப் பெற்ற தாளை மாற்ற இருபது வருடம்தான் தவணை. 2020 ஜனவரி 1 முதல் அந்தத் தவணையைச் சட்டத்தில் இருந்தே எடுத்துவிட்டார்கள். எண்பதுகளில் முதலாவதாகப் போனவர்கள் உழைத்த தாள்களுக்கும் இந்தச் சலுகை கிடைத்தது. ஆயிரம் பிராங் தாளின் பின்பக்கத்தில் எறும்புகள் இருந்த வரிசை அது. 2000 இல் மீளப் பெறப்பட்ட அந்த வரிசைக்கு 2020 ஏப்ரலோடு கதவு அடைபட்டிருக்கும். சில மாத வித்தியாசத்தில் தப்பியது. எறும்புத் தாள் யார் வீட்டிலாவது கிடந்தால், அது இன்றும் ஆயிரம் பிராங்.

எல்லா நாடும் இப்படித் தாராளமாக இல்லை. பிரான்ஸ் பிராங் தாளை மாற்ற 2012 பெப்ரவரி 17 கடைசி நாள். பாரிஸ் லாச்சப்பலில் உழைத்த காசு என்று பொத்திவைத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தாள்களுக்கு இனி வழியில்லை.

பெட்டிச் செய்தி: உங்கள் ரின்னில் என்ன இருக்கிறது?

யூரோ: 2002 இல் வந்த முதல் வரிசை உட்பட எல்லாத் தாளும் செல்லும். ஐந்நூறு யூரோத் தாளை வெளியிடுவதை 2019 இல் நிறுத்தினாலும் கையில் உள்ளதற்குப் பெறுமதி உண்டு.

பிரித்தானிய பவுண்: கடதாசித் தாள்கள் கடையில் செல்லா. இங்கிலாந்து வங்கியில் காலவரையறை இல்லை. பழைய வட்ட ஒரு பவுண் குற்றி 2017 ஒக்டோபரில் நின்றது. அங்குள்ள வங்கிக் கணக்கில் போடலாம்.

சுவிஸ் பிராங்: ஆறாவது, எட்டாவது வரிசைகளுக்கு வரையறை இல்லை.

நோர்வே குறோணர்: பழைய ஏழாவது வரிசைக்குப் பத்து வருடத் தவணை. 50, 500 தாள்களுக்கு 2029 ஒக்டோபர் 18. ஆயிரத்துக்கு 2030 நவம்பர் 14. நூறும் இருநூறும் அதற்கு முன்பே முடிகின்றன.

டென்மார்க்: ஆயிரம் குறோணர்த் தாளும், 2009 முதல் வந்த வரிசைக்கு முந்தைய தாள்களும் 2025 மே 31 ஓடு முடிந்தன.

நெதர்லாந்து கில்டர்: தாள்களுக்கு 2032 ஜனவரி 1 வரை. குற்றிகள் முடிந்துவிட்டன.

கனடா: 1, 2, 25, 500, 1000 டொலர்த் தாள்கள் 2021 ஜனவரி 1 முதல் கடையில் செல்லா. கனடா வங்கி முகப்பெறுமதிக்கு ஏற்கும்.

அவுஸ்திரேலியா, அமெரிக்கா: பழைய தாள்களும் சட்டப்படி செல்லும். சின்னத் தலைப் படம் உள்ள பழைய அமெரிக்க டொலரை இங்கு மாற்றுவோர் தட்டிக்கழிக்கலாம். அதற்காகத் தாள் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

குவைத் தினார்: 2015 இல் மீளப் பெற்ற ஐந்தாவது வெளியீட்டை மாற்றும் காலம் 2025 ஏப்ரல் 18 ஓடு முடிந்தது.

துருக்கி லீரா: 2005 இல் ஆறு பூச்சியத்தை வெட்டினார்கள். பத்து இலட்சம் பழைய லீரா ஒரு புதிய லீராவானது. மாற்றும் காலமும் 2015 ஓடு முடிந்தது.

காந்தித் தாளின் கதை

இந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுத வேண்டும். வெளிநாட்டில் பிள்ளை இல்லாத வன்னி வீடுகளிலும் கிடப்பது இந்தியக் காசுதான்.

2016 நவம்பர் 8, இரவு எட்டு மணி. ஐந்நூறு ரூபாவும் ஆயிரம் ரூபாவும் நள்ளிரவோடு செல்லாது என்று இந்தியப் பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். புழக்கத்தில் இருந்த காசின் பெறுமதியில் 86 வீதம் அந்த இரண்டு தாள்களில் இருந்தது. டிசம்பர் 30 வரை வங்கியில் போடலாம். வெளிநாட்டில் நின்றவர்களுக்கென்று பிறகு தனித் தவணை கொடுத்தார்கள். இந்தியாவில் வதிபவர் ஆனால் அந்த நாள்களில் வெளியே நின்றவர் 2017 மார்ச் 31 வரையும், வெளிநாட்டில் வதியும் இந்தியர் ஜூன் 30 வரையும் றிசேர்வ் வங்கியின் சென்னை, மும்பாய், டில்லி, கொல்கத்தா, நாக்பூர் அலுவலகங்களில் மாற்றலாம் என்றார்கள்.

இரண்டு தவணையும் இந்தியக் குடிமக்களுக்கு. தமிழ்நாட்டில் மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் இருபது, இருபத்தைந்து வருடம் அகதி முகாமில் இருந்து, அங்கேயே பெயின்ற் அடித்தும் கல்லுடைத்தும் உழைத்து, அந்தச் சம்பளத்தில் மிஞ்சியதை மடியில் கட்டிக்கொண்டு வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பி வந்தவர்கள் அந்த வரிக்குள் அடங்கவில்லை. இந்திய மண்ணில், இந்தியக் காசாக, வியர்வை சிந்தி உழைத்தவர்கள் அவர்கள். ஆனால் கையில் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற அதே ஆட்களின் சேமிப்புக்கு ஒரு கருமபீடம்கூட இல்லாமல் போனது. இதை ஒரு அநீதி என்றுதான் நான் சொல்வேன். இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 2 அன்று நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்த நடவடிக்கை முழுவதையும் செல்லுபடியாக்கியபின், திரும்பவும் கதவு திறக்கும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

இதில் ஆபத்தும் ஒன்று உண்டு. யாரோ சொன்னார்கள் என்று அந்தப் பழைய கட்டை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போகாதீர்கள். இந்தியாவின் 2017 ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தாள்களில் பத்துக்கு மேல் வைத்திருப்பதே குற்றம். ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து வரை. மீறினால் பத்தாயிரம் ரூபா அல்லது தாள்களின் பெறுமதியில் ஐந்து மடங்கு, எது கூடவோ அதுவரை தண்டம். வீட்டில் நினைவுக்கு இருக்கட்டும்.

இரண்டாயிரம் ரூபாத் தாளின் நிலைமை வேறு. 2016 இல் வந்த அந்தத் தாளை 2023 மே 19 அன்று மீளப் பெறுவதாக அறிவித்தார்கள். வங்கிகள் ஒக்டோபர் 7 வரை வாங்கின. ஆனால் அது செல்லாத தாளாக அறிவிக்கப்படவில்லை. றிசேர்வ் வங்கியின் 19 அலுவலகங்கள், சென்னை உட்பட, ஒரு தடவைக்கு இருபதாயிரம் ரூபா வரை மாற்றுகின்றன. சேலை எடுக்கவும் கல்யாணச் சாமான் வாங்கவும் பலாலியில் இருந்து சென்னைக்குப் பறக்கிறவர்களும், கண் வைத்தியத்துக்கு மதுரைக்குப் போகிறவர்களும் அந்தத் தாளை வைத்திருந்தால் அடுத்த பயணத்தில் எடுத்துப் போகலாம். இந்தியாவுக்கு வெளியே வதிபவர் விமான நிலையம் வழியாக இந்திய ரூபா 25,000 வரைதான் கொண்டுபோகலாம் என்பது ஞாபகம் இருக்கட்டும். கடவுச்சீட்டோடு போங்கள். போகுமுன் அங்குள்ள உறவினரைக் கேட்டு நடைமுறையை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டிச் செய்தி: நம் நாட்டிலும் நடந்தது

1970 இல் நிதியமைச்சர் என். எம். பெரேரா ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்களைச் செல்லாதவையாக்கினார். கணக்குக் காட்டாத காசை வெளியே கொண்டுவருவதே நோக்கம். மாற்றக் கொடுத்தது சில நாள்கள்தான். வீட்டில் காசு வைக்கும் பழக்கம் உள்ள பழையவர்கள் தாளைவிடத் தங்கப் பவுணை நம்பியதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

யாருடைய கையில் கொடுப்பது?

வன்னியில் இருந்து சூரிச்சுக்குத் தாள் போக ஒரே நல்ல வழி, போகிற ஆள்தான். வருடாவருடம் ஆவணி விடுமுறைக்கு வருகிறவர்கள் திரும்பும்போது கருவாடும் மிளகாய்த்தூளும் ஒடியலும் கொண்டுபோகிறார்கள். அந்தப் பெட்டியில் ஒரு கடித உறைக்கு இடம் இருக்கும்.

இங்கிருந்து தபாலில் போடாதீர்கள். சாதாரணக் கடிதத்துக்குள் காசுத் தாள் வைத்து அனுப்புவது சர்வதேசத் தபால் விதிகளுக்கே மாறு. தொலைந்தால் கேட்க ஆளில்லை. நம்பிக்கையான உறவினரிடம் கொடுப்பதானாலும், கொடுக்குமுன் ஒவ்வொரு தாளின் இரு பக்கத்தையும் இலக்கம் தெரியக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். எத்தனை தாள், என்ன பெறுமதி, எப்போது யார் தந்தது என்று ஒரு துண்டில் எழுதி உறைக்குள் வையுங்கள். சந்தேகத்தில் செய்கிற வேலை இல்லை இது. மத்திய வங்கி கருமபீடத்தில் "இது எங்கே இருந்து வந்தது?" என்று கேட்டால் கொண்டுபோனவருக்கு அந்தத் துண்டுதான் துணை. அங்கே அடையாள ஆவணமும் கேட்பார்கள். காசு அவருடைய கணக்குக்குப் போய், பிறகு உங்களுக்கு வர வேண்டும்.

மண்ணுக்குள் இருந்து எடுத்த தாள்கள் வேறு கவனம் கேட்பவை. 2009 இல் புதைத்துப் பிறகு தோண்டியெடுத்தவற்றில் கறையான் அரித்ததும் உண்டு, ஈரத்தில் ஒட்டிப்போனதும் உண்டு. அவற்றைக் கழுவவோ மினுக்கவோ செலோரேப் ஒட்டவோ வேண்டாம். ஒட்டிய தாள்களைப் பிரிக்காமல் அப்படியே கொடுங்கள். பொதுவாகத் தாளின் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் மத்திய வங்கிகள் பரிசீலிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய பிராங்கைக் கால் விலைக்குக் கேட்கும் ஆட்கள் ஊருக்குள் வருகிறார்கள். "செல்லாத தாள்தானே அம்மா, கிடைக்கிறதை வாங்குங்கோ" என்று என் முன்னாலேயே ஒருவர் பேரம் பேசினார். செல்லாத தாளை அவர் ஏன் காசு கொடுத்து வாங்குகிறார் என்று அந்த அம்மா கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. முகநூலில் இன்னொரு வகை. உழவு இயந்திரம் போட்ட பழைய இந்திய ஐந்து ரூபாத் தாளுக்கு இலட்சக்கணக்கில் தருவோம், முதலில் பதிவுக் கட்டணம் போடுங்கள் என்பார்கள். இந்திய றிசேர்வ் வங்கி 2021 இலேயே, தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்தப் பழைய நாணய வியாபாரத்தைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது. ஒரு சதம்கூட முற்பணம் கொடுக்காதீர்கள்.

குற்றிகளும் கோவில் உண்டியலும்

முறிகண்டிப் பிள்ளையாரை நின்று கும்பிடாமல் ஏ-9 இல் போகிற வாகனம் குறைவு. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, உண்டியலில் சில்லறை போட்டுவிட்டுத்தான் வான் புறப்படும். கட்டுநாயக்காவில் இருந்து நேரே வருகிறவரின் பொக்கற்றில் அப்போது இருப்பது அந்நியக் குற்றி. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறவர்களும் அப்படியே. பக்தியில் குறை இல்லை. ஆனால் இங்குள்ள வங்கிகள் வெளிநாட்டுக் குற்றியை வாங்குவதில்லை. இரண்டு பிராங் குற்றி உண்டியலுக்குள் விழுந்தால், அது விளக்குக்கு எண்ணெயாக மாறாது. அன்னதானத்துக்கு அரிசியாகவும் மாறாது. ரூபாவாக மாற்றிப் போடுங்கள்.

கையில் மிஞ்சிய குற்றிக்கும் வழி உண்டு. சுவிஸ் பத்து றாப்பன் குற்றி 1879 இல் அடித்ததுகூட இன்றும் செல்லும். திரும்பிப் போகிறவரிடம் கொடுத்துவிட்டால் அங்கே பஸ் காசுக்காவது ஆகும். சில விமானங்களில் யுனிசெவ் நிறுவனத்தின் உறையைப் பயணிகளிடம் நீட்டுவார்கள். எந்த நாட்டுச் சில்லறையும் போடலாம். 1987 இல் தொடங்கிய திட்டம் அது, காசு சிறுவர்களுக்குப் போகிறது. பிரித்தானியாவில் பழைய வெளிநாட்டுக் காசையே நன்கொடையாக வாங்கும் தொண்டு நிறுவனங்களும் உண்டு.

முற்றாகச் செத்த தாள்களை என்ன செய்வது? சேகரிப்பவர்களிடம் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். கோடிக்கணக்கில் அச்சிட்டு, மடித்துக் கசங்கிய தாளுக்குச் சொற்பக் காசுதான் கிடைக்கும். ஆனால் எரிக்கவும் வேண்டாம். அந்தத் துருக்கித் தாளைப் பற்றி உருத்திரபுரத்து அம்மா சொன்னார்: இளையவன் ஏஜென்சிக்காரனோடு மொஸ்கோ, துருக்கி என்று எட்டு மாதம் அலைந்து போய்ச் சேர்ந்தவன். முதல் தடவை ஊருக்கு வந்தபோது களிசான் பொக்கற்றில் இருந்து அது விழுந்ததாம். படங்களையும் கடிதங்களையும் யுத்தத்தில் இழந்த வீடுகளில் இப்படி ஒரு தாள்தான் அந்தப் பயணத்துக்குச் சாட்சி. ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, யார், எந்த வருடம், எந்த வழியால் கொண்டுவந்தது என்று எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்குக் காட்டலாம். பாடசாலைக் கண்காட்சிக்குக் கொடுக்கலாம்.

அந்த அம்மா நூறு பிராங்கையும் இரண்டு எல்கார்த் தாளையும் தனித்தனி உறையில் போட்டார். பிராங் அடுத்த கிழமை சூரிச் திரும்பும் பேத்தியோடு போகிறது. பவுண், லண்டனில் இருக்கும் பெறாமகள் வரும்வரை காத்திருக்கும். மூன்று காந்தித் தாளும் துருக்கித் தாளும் திரும்ப ரின்னுக்குள் போயின. மூடியை இந்தத் தடவை அவர் இறுக்கி அடிக்கவில்லை.

இதை வாசிக்கிறவர்கள் இன்றைக்கே வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள், போகுமுன் அம்மாவிடம், மாமியிடம், அயலில் தனியே இருக்கும் கிழவியிடம் "பழைய தாள் ஏதும் கிடக்கோ?" என்று ஒருதரம் கேளுங்கள். நோர்வேக்குப் போகிறவர்கள் முதலில் கேளுங்கள். அங்கத்தைய பழைய நூறு, இருநூறு குறோணர்த் தாள்களை மாற்ற 2028 மே 30 கடைசி நாள்.